துருவை மட்டும் எடுத்தேன்: 1950-ஆம் ஆண்டு ஹாப்பலாங் காசிடி லஞ்ச் பாக்ஸ்

போன ஏப்ரலில், ஒஹாயோவில் ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் நடந்த ஒரு பழம்பொருள் சந்தையில் இந்த டப்பாவை 85 டாலர் கொடுத்து வாங்கினேன். சின்ன சூட்கேஸ் மாதிரித் திறக்கும் இரும்பு லஞ்ச் பாக்ஸ். சிவப்பு பெயிண்ட். முகப்பில் கறுப்பு உடையில், பழைய அமெரிக்க டிவியின் கௌபாய் நாயகன் ஹாப்பலாங் காசிடியின் ஒட்டுப்படம். செல்லமாக ஹாப்பி. விளிம்பெல்லாம் துரு, ஒரு மூலை நசுங்கல், கொக்கி பிடிக்கவில்லை. உள்ளே தெர்மாஸ் குடுவை இருந்தது, அதைப் பிடித்து வைக்கும் கம்பியைக் காணோம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டுப்படத்தின் மேலேயே யாரோ விலைச் சீட்டை ஒட்டி வைத்திருந்தார்கள். தொப்பியின் ஓரத்தில், சரியாக முகத்துக்குப் பக்கத்தில். அதைப் பார்த்த பிறகு விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

ஒஹாயோவின் கொலம்பஸில் குடியேறி பதினான்கு வருடமாகிறது. அதில் ஏழு வருடமாக, 1950-களிலும் 60-களிலும் அமெரிக்க டிவியில் ஓடிய கௌபாய் தொடர்களின் பொருட்களைச் சேர்க்கிறேன். லஞ்ச் பாக்ஸ், கேப் வெடிக்கும் பொம்மைத் துப்பாக்கி, ஹார்ட்லண்ட் கம்பெனியின் குதிரைவீரன் பொம்மைகள், 1958-இல் டாப்ஸ் வெளியிட்ட டிவி வெஸ்டர்ன் அட்டைகளில் கொஞ்சம். சின்ன வயதில் சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸைத் தேடித் தேடிப் படித்தவன் நான். ஷெரீஃபின் நட்சத்திரமும் செம்மண் பள்ளத்தாக்கும் எனக்குத் தமிழில்தான் அறிமுகம். அந்த ஆசை அப்படியே இருந்திருக்கிறது, கைக்கு எட்டும் இடத்துக்கு வந்ததும் வெளியே வந்துவிட்டது.

இந்த டப்பாவை ஏன் தேடினேன் என்றால், டிவி வெஸ்டர்ன் லஞ்ச் பாக்ஸ் என்ற வகையே இதிலிருந்துதான் தொடங்குகிறது. படம் போட்ட சாப்பாட்டு டப்பா அதற்கு முன்பே உண்டு. 1935-இலேயே மில்வாக்கியில் மிக்கி மவுஸ் டப்பா செய்தார்கள். ஆனால் டிவி நாயகன் ஒருவன் படத்தோடு வந்த முதல் டப்பா ஹாப்பியுடையது. நாஷ்வில்லில் இருந்த அலாதீன் கம்பெனி 1950-இல் கொண்டுவந்தது.

அதற்குப் பின்னால் ஒரு நடிகரின் துணிச்சல் இருக்கிறது. வில்லியம் பாய்டு 1935-இலிருந்து 1948 வரை 66 படங்களில் ஹாப்பியாக நடித்தவர். எழுத்தாளர் கிளாரன்ஸ் மல்ஃபோர்டின் மூலக் கதைகளில் அந்தப் பாத்திரம் வாயைத் திறந்தால் வசைதான், முரட்டு ஆள். பாய்டு அதை வெள்ளை முடியும் நிதானமுமாக, குழந்தைகள் நம்பும் ஒரு பெரியவராக மாற்றினார். படங்களுக்கு மவுசு குறைந்தபோது, இருந்த சொத்தையெல்லாம் பணமாக்கி அந்தப் படங்களின் உரிமையைத் தானே வாங்கிவிட்டார். டிவி அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. 1949 ஜூன் 24 அன்று என்பிசி தொலைக்காட்சியில் ஹாப்பி ஓடத் தொடங்கியபோது பாய்டுக்கு வயது 54. ஒரே வருடத்தில் நாட்டுக் குழந்தைகள் அத்தனை பேரும் கறுப்புத் தொப்பி கேட்டார்கள்.

அலாதீன் கண்டுபிடித்த சூட்சுமம் எளிமையானது. இரும்பு டப்பா லேசில் கெடாது. ஒன்று வாங்கினால் பிள்ளை பள்ளி முடிக்கும்வரை வரும், கம்பெனிக்கு அடுத்த விற்பனை கிடையாது. படம் இருந்தால் கதை வேறு. டப்பா நன்றாகவே இருக்கும், பிள்ளைக்கு மட்டும் புதிய படம் வேண்டியிருக்கும். அதனால் புதிதாக அச்சு வார்ப்பு எதுவும் செய்யாமல், சாதாரண டப்பாவுக்கு சிவப்போ நீலமோ அடித்து, முகப்பில் ஹாப்பியின் ஒட்டுப்படத்தைப் போட்டார்கள். முதல் வருடத்திலேயே 6 லட்சம் டப்பா விற்றது. 1953-இல் அமெரிக்கன் தெர்மாஸ் கம்பெனி ராய் ரோஜர்ஸ் டப்பாவை எல்லாப் பக்கமும் படம் அச்சிட்டுக் கொண்டுவந்தது. அதன் பிறகு தகட்டிலேயே அச்சிடுவதுதான் வழக்கமாயிற்று.

ஒட்டுப்படமா, தகட்டு அச்சா என்ற இந்த வித்தியாசம் பழுது பார்க்கிறவருக்கு உயிர் போன்றது. அதை நான் நல்ல விலை கொடுத்துக் கற்றேன்.

மூன்று வருடத்துக்கு முன் பொனான்ஸா என்ற கௌபாய் தொடரின் டப்பா ஒன்று வாங்கினேன். 1963-இல் வந்த, பச்சை விளிம்பு போட்டது. அது தகட்டு அச்சு. பழைய பீர் கேன் சேகரிப்பவர்கள் துரு எடுக்க ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் கேனை ஊறப்போடுவார்கள். நல்ல முறைதான். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்த வீட்டில் பிறந்தவனுக்கு அமிலத்தில் ஊறப்போடுவது புதிதாகவும் படவில்லை. ஆனால் அளவைக் கூட்டிப் போட்டு, அடிக்கடி எடுத்துப் பார்க்காமல், ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டேன். காலையில் துரு போயிருந்தது. கூடவே வானத்தின் நீலம் வெளுத்திருந்தது. வெறும் இரும்பு தெரிந்த இடங்களில் மஞ்சளாக ஒரு படலம் படிந்திருந்தது. அது அயர்ன் ஆக்ஸலேட். கரைசல் கெட்டியாக இருந்தால் இரும்பும் அமிலமும் சேர்ந்து அப்படிப் படியும். தேய்த்தால் போகும், ஆனால் தேய்க்கும்போது அச்சும் சேர்ந்து போகும். ஐம்பது வருடத்துக்கு மேல் தாங்கிய நீலத்தை ஒரே ராத்திரியில் போக்கினேன். அந்த டப்பாவை விற்கவில்லை, மேசைக்கு எதிரே வைத்திருக்கிறேன்.

ஹாப்பி டப்பாவை அந்தக் கரைசலில் போட்டிருந்தால் ஒட்டுப்படம் மொத்தமாக உரிந்து மிதந்திருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு வாரம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பத்து மடங்கு லென்ஸ், ஒரு டார்ச். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் தகட்டோடு ஒட்டினாற்போல் அடிக்க வேண்டும். அப்போதுதான் ஒட்டுப்படத்தின் விளிம்பு மெல்லிய படிக்கட்டு மாதிரி நிழல் விழுந்து தெரியும். எங்கே தூக்கியிருக்கிறது, எங்கே விரிசல், எல்லாம் தெரிந்துவிடும். இந்த டப்பாவில் மேகம் போன்ற வளைவு விளிம்பில் ஒரு வகையும், சதுர விளிம்பில் ஒரு வகையும் உண்டு. என்னுடையது மேகம். இடது கீழ் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் படம் தளர்ந்திருந்தது.

அடுத்தது ஈயம். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கடையில் கிடைக்கும் சோதனைக் குச்சிகளில் ஒரு வகை ஈயம் பட்டால் சிவக்கும். சிவப்பு டப்பாவில் அது உதவாது, பெயிண்டே குச்சியில் ஒட்டிச் சிவப்பாகக் காட்டும். கறுக்கும் வகையை வாங்கி, அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேய்த்தேன். கறுத்தது. அதோடு சில விஷயங்கள் முடிவாகிவிட்டன. உப்புத்தாள் கிடையாது. உலர்ந்த தேய்ப்பு கிடையாது. எல்லாம் ஈரத்திலோ எண்ணெயிலோதான். கையுறை, கீழே செய்தித்தாள், வேலை முடிந்ததும் தாளைச் சுருட்டித் தனிப் பையில் போட வேண்டும். மகளுக்கு ஒன்பது வயது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டாள். கராஜ் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.

முதலில் விலைச் சீட்டு. இரண்டு சாயங்காலம் இதற்கே போனது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு முழ தூரத்தில் பிடித்து, சீட்டு வெதுவெதுப்பானதும் பல் இடுக்கில் விடும் நூலை அதன் அடியில் நுழைத்து, ரம்பம் இழுப்பது மாதிரி முன்னும் பின்னும் இழுத்தேன். கத்தியோ நகமோ கூடாது. முக்கால் பங்கு சீட்டு நல்லபடியாக வந்தது. மிச்சக் கால் பங்கு வரும்போது தொப்பியின் விளிம்பில் கடுகளவு கறுப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அப்படியே கையை எடுத்துவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் தொடவில்லை.

மறுநாள் அந்தத் துணுக்கை லென்ஸில் பார்த்து, சீட்டிலிருந்து ஊசி முனையால் பிரித்து, மீதைல் செல்லுலோஸ் பசையில் ஒரு துளி வைத்து அதே இடத்தில் உட்கார வைத்தேன். அருங்காட்சியகங்களில் தாளும் ஓவியமும் சீர்செய்கிறவர்கள் பயன்படுத்தும் பசை அது. பின்னால் யாராவது பிரிக்க நினைத்தால் ஈரம் வைத்தாலே விட்டுவிடும். சூப்பர் குளூ போட்டால் அது நிரந்தரம், தப்பும் நிரந்தரம். தளர்ந்திருந்த இடது ஓரத்துக்கும் அதே பசைதான். மேலே சிலிகான் தாள், அதற்கு மேல் ஒரு சின்ன மணல் பை, ஒரு ராத்திரி.

சீட்டு விட்டுப்போன பசைக்கு லைட்டரில் ஊற்றும் நாப்தா. கராஜ் கதவைத் திறந்து வைத்து, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல். பஞ்சுக் குச்சியில் தொட்டு, தேய்க்காமல் உருட்ட வேண்டும். உருட்டினால் அழுக்கு பஞ்சோடு வரும், தேய்த்தால் படத்துக்குள் போகும். ஒரு குச்சி, ஒரு உருட்டு, குப்பை. அடுத்த குச்சி.

படத்தின் மேலிருந்த எழுபது வருட அழுக்குக்கு நான் பயன்படுத்தியது எச்சில். கேட்பதற்கு எப்படியோ இருக்கலாம், ஆனால் ஓவியச் சீரமைப்பாளர்கள் இன்றைக்கும் கையாளும் முறை இது. எச்சிலில் உள்ள என்சைம்கள் கைபட்ட பிசுக்கையும் உணவுக் கறையையும் மெதுவாக இளக்கும், தண்ணீர் அளவுக்கு ஊறிக்கொண்டு உள்ளே போகாது. லஞ்ச் பாக்ஸின் மேல் வேறென்ன அழுக்கு இருக்கும்? ஒரு பிள்ளையின் கைப்பிசுக்கும் வெண்ணெயும் ஜாமும்தான். பஞ்சுக் குச்சியை வாயில் நனைத்து, உருட்டி, தூக்கிப் போட்டுவிட வேண்டும். டப்பாவில் பட்ட குச்சி மறுபடி வாய்க்குப் போகவே கூடாது, ஈயத்தை நினைவில் வைக்க வேண்டும். படம் முடிய அறுபத்திரண்டு குச்சி ஆனது. பழுப்பாக இருந்த பாய்டின் முடி கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையானது. குச்சி உருளும் அளவுக்கு மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும், பக்கத்தில் இன்னும் பழுப்பு. மகள் வெளியே நாற்காலியில் இருந்து, "அப்பா, தாத்தாவுக்கு முடி நரைச்சிட்டே வருது" என்றாள்.

துருவுக்கு வருகிறேன். ஒட்டுப்படத்தை பாலித்தீன் தாளால் மூடி, பருத்தி நூலால் கட்டினேன். டேப் ஒட்டினால் எடுக்கும்போது பெயிண்டைக் கூட்டிக்கொண்டு வரும். விளிம்பில் துருவும் பெயிண்டும் பின்னிக் கிடக்கிற இடத்தில் அவசரப்பட முடியாது. மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் விட்டு, மூங்கில் குச்சியைப் பென்சில் போலச் சீவி அதன் முனையால் துருப்பொடியை மட்டும் வழித்தேன். இரும்பு மூங்கிலை விடக் கடினம், பெயிண்டும் ஏறக்குறைய தாங்கிவிடும், துருப்பொடி மட்டும் வந்துவிடும். பளபளப்பான இரும்பு தெரியும்வரை போகவில்லை. பொடி நின்று, கெட்டியான கரும்பழுப்பு வந்ததும் நிறுத்தினேன். அந்தக் கரும்பழுப்புக்கும் கீழே போனால் பெயிண்டின் ஓரம் ஆதரவில்லாமல் நிற்கும், அப்புறம் சில்லுச் சில்லாக உதிரும்.

உட்புறத்தில் அந்தப் பயம் இல்லை. பெயிண்ட் எப்போதோ போன இடத்தில் எண்ணெய் விட்டு, நான்கு சுழி எண் போட்ட மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் வட்டமாகத் தேய்த்தேன். குழம்பு மாதிரி செந்நிறமாக வரும், துணியில் ஒற்றி எடுத்துவிட வேண்டும். நாலு தடவையில் சுத்தமானது.

உட்புறத்தின் ஒரு மூலையில் மட்டும் நான் ஸ்டீல் வுல் வைக்கவில்லை. காய்ந்து பழுப்பான ஒரு துண்டு டேப் அங்கே ஒட்டியிருந்தது. அதில் மையால் ஒரு பையனின் முதல் பெயரும் ஒரு வகுப்பறை எண்ணும். எழுத்து பெரியவர் கை, நிதானமாக எழுதியது. ஓர் அம்மாவோ ஆசிரியையோ. டேப்பின் பசை இரும்பை அரிக்கும் என்பது தெரியும், எடுத்துவிடு என்று சேகரிப்பவர்களில் பாதிப் பேர் சொல்வார்கள். நான் எடுக்கவில்லை. சுற்றிலும் துருவை எடுத்து, ஓரங்களில் மெழுகு ஓடவிட்டுக் காற்றுப் புகாமல் செய்தேன். ஊரில் நாங்கள் அலுமினியப் பெட்டி தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்பா மூடியின் உள்ளே ஆணியால் என் பெயரைப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தார். அந்தப் பெட்டி இப்போது இல்லை. இந்தப் பையனின் பெயரையாவது வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

நசுங்கிய மூலையை நிமிர்த்துவதுதான் இருப்பதிலேயே பயமான வேலை. தகட்டைத் தட்டினால் இரும்பு வளைந்துகொடுக்கும், பழைய பெயிண்ட் வளையாது, வெடிக்கும். சுத்தியலைத் தொடவே இல்லை. ஒரு துணிப்பையில் பொன்னி அரிசி நிரப்பித் தைத்துக்கொண்டேன். டப்பாவின் மூலையை அதன் மேல் வைத்தால் அரிசி வடிவத்துக்கேற்ப இடம் கொடுத்துத் தாங்கும். ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூடு வரை ஏற்றி, உள்ளேயிருந்து வட்டமாகச் சீவிய மரக்கட்டையை வைத்து, கட்டைவிரலால் அமுக்கினேன். பத்து நொடி அமுக்கி, விட்டு, பார்த்து, மறுபடி. முக்கால்வாசி வந்தது. அப்போது மூலையின் மேல் மடிப்பில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. பெயிண்ட் போதும் என்று சொல்கிறது. நிறுத்திவிட்டேன். மிச்ச நசுங்கல் இருக்கட்டும்.

கொக்கியின் நாக்கு வெளிப்பக்கம் வளைந்திருந்ததால்தான் பிடிக்கவில்லை. பழைய இரும்புத் தகடு ஒரே இடத்தில் பலமுறை வளைந்து கெட்டிப்பட்டிருக்கும், முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்துவிடும். எவ்வளவு வளைக்க வேண்டும் என்று அட்டையில் வெட்டிப் பார்த்துக்கொண்டு, இடுக்கியின் பற்களில் தோல் சுற்றி, ஒரே வளைவு. பிடித்தது. மூடும்போது ஒரு சத்தம் வந்தது, 'டக்' என்று கனமாக. பிளாஸ்டிக் டப்பாவில் அந்தச் சத்தம் கேட்க முடியாது.

குடுவையைப் பிடிக்கும் கம்பிக்கு உதிரிச் சந்தையில் இரண்டு மாதம் தேடினேன். அதே வருடத்துக்குரியது கிடைக்கவில்லை. ஒரு நண்பரின் டப்பாவில் உள்ளதை அளந்து, அதே தடிமனில் எஃகுக் கம்பி வாங்கி, மரத்துண்டில் ஆணி அடித்து வார்ப்பு செய்து வளைத்தேன். உள்பக்கம் திரும்பும் முனையில் நான் செய்த ஆண்டைப் பொறித்திருக்கிறேன். பின்னால் வாங்குகிறவர் இதை 1950-இன் கம்பி என்று நினைத்துவிடக் கூடாது. இந்தச் சேகரிப்பு உலகில் புதிதாகச் செய்த முழு டப்பாக்களே பழையவை என்று கைமாறுகின்றன. தகடு மெல்லியதாக, அளவு சிறியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு சின்னக் கம்பியில்கூட அந்தக் குழப்பத்துக்கு நான் காரணமாக இருக்க விரும்பவில்லை.

தெர்மாஸ் குடுவையைக் காதோரம் வைத்து மெல்லச் சாய்த்தேன். உள்ளே கண்ணாடிச் சில்லுகள் சரியும் ஓசை. இந்தக் குடுவைகளுக்குள் இரட்டைச் சுவர்க் கண்ணாடி, நடுவே வெற்றிடம், வெள்ளிப்பூச்சு. ஒருமுறை கீழே விழுந்தால் வெளித்தகட்டில் ஒன்றும் தெரியாது, உள்ளே நொறுங்கியிருக்கும். பழைய கண்ணாடிக் குடுவைகளில் இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஆஸ்பெஸ்டாஸ் திண்டுகள் வைத்திருப்பார்கள். முழுசாக இருக்கும்வரை அது வெளியே வராது, உடைந்த குடுவையைக் கழற்றிக் கொட்டினால் வரும். ஆகவே திறக்கவில்லை. வெளித்தகட்டின் அச்சை மட்டும் சுத்தம் செய்து, மூடியை இறுக்கி, உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், திறக்க வேண்டாம் என்று சீட்டு எழுதி நூலில் கட்டினேன். பழைய தெர்மாஸில் காபி ஊற்றிக் குடித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒஹாயோவிலேயே, இந்த டப்பா கடைக்கு வந்த காலத்தில் பள்ளிக்கூடம் போனவர். பாய்டும் இந்த மாநிலத்தில் பிறந்தவர்தான் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. டப்பாவைப் பார்க்க வந்தபோது கையில் கொடுத்தேன், கையுறையோடு. "என்னுடையது நீலம்" என்றார். வாங்கிய இரண்டாவது வாரமே குடுவை உடைந்ததாம். பாலை ஊற்றும்போது கிண்ணத்தில் சில்லு விழுந்த சத்தம் இன்னும் நினைவிருக்கிறதாம்.

அப்புறம் அவர் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். படம் இல்லாத அந்தப் பக்கத்தில் நடுவே நீள்வட்டமாக பெயிண்ட் தேய்ந்து, மங்கி, குறுக்கே வில் வில்லாக மெல்லிய கீறல்கள். நான் அதை அலமாரியில் உரசிய தேய்மானம் என்று குறித்து வைத்திருந்தேன். அங்கே ஒரு அடுக்கு மெழுகில் சிவப்புச் சாயம் கலந்து மறைக்கலாமா என்றும் யோசித்திருந்தேன். அவர் எழுந்து நின்று, டப்பாவைக் கைப்பிடியில் பிடித்து, பக்கவாட்டில் தொங்கவிட்டு நான்கு அடி நடந்து காட்டினார். தேய்ந்த இடம் சரியாகத் தொடையில் பட்டது. பெரியவர் தொடை அல்ல, ஆறு வயதுப் பையனின் இடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஜீன்ஸ் பாக்கெட்டில் செப்புக் குமிழ் ஆணி இருக்குமே, அதுதான் இந்தக் கோடுகள்" என்றார்.

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். கீறல்கள் எல்லாம் ஒரே வளைவில், டப்பா முன்னும் பின்னும் ஆடும் வளைவில் இருந்தன. முகப்பில் அப்படி ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பையன் வீட்டிலிருந்து பள்ளிக்கும் பள்ளியிலிருந்து வீட்டுக்கும், ஒருநாள்கூட மாற்றிப் பிடிக்காமல், ஹாப்பியை வெளிப்பக்கம் பார்க்க வைத்தே நடந்திருக்கிறான். எதிரே வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

சாயக் குப்பியை அன்றைக்கே மூடி உள்ளே வைத்தேன்.

சேகரிப்பவர்கள் டப்பாவின் நிலையை ஒன்றிலிருந்து பத்து வரை சி எண்ணால் மதிப்பிடுவார்கள். என்னுடையது இப்போது சி-6 என்று சொல்வேன். பின்பக்கத்தைச் சாயமிட்டு, மூலையை முழுக்க நிமிர்த்தி நிரப்பினால் தூரத்திலிருந்து பார்க்க சி-8 போல ஆக்கியிருக்கலாம். அப்படி ஆக்கப்பட்டவற்றைக் கண்காட்சிகளில் நிறையப் பார்க்கிறேன், எனக்கு அவை பிடிப்பதில்லை. கன்ஸ்மோக் தொடரின் 1959 டப்பாவில் மார்ஷல் என்ற சொல்லில் ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டு அச்சிட்ட ஒரு பதிப்பு உண்டு. பிழையானதைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். தொழிற்சாலையின் பிழைக்கு இருக்கும் மரியாதை ஒரு பிள்ளையின் இடுப்புக் கீறலுக்கும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கடைசியாக மெழுகு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான ரெனசான்ஸ் மெழுகு, மைக்ரோகிரிஸ்டலைன் எனப்படும் நுண்படிக வகை. உள்ளங்கை சூட்டில் இளக்கிய கொஞ்சம் மெழுகை மெல்லிய பருத்தித் துணியில் எடுத்து, தடவியதே தெரியாத அளவுக்கு மெல்லியதாகப் பூசி, மெல்லத் துடைத்தேன். அதற்கு முன் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் நாப்தாவால் எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு பிடிக்காது. ஒட்டுப்படத்தின் மேல் ஒரே அடுக்கு, துரு எடுத்த விளிம்புகளில் இரண்டு. சிவப்பு ஆழமானது. பளபளப்பு வரவில்லை, வரவும் கூடாது.

டப்பா இப்போது படிக்கும் அறையில், ஜன்னல் வெளிச்சம் படாத சுவரில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் இடம் நிறைய உண்டு, ஆனால் ஒஹாயோ கோடையில் அங்கே சுவரே வியர்க்கும். அலமாரியில் ஈரப்பதமானியும் சிலிகா ஜெல் பைகளும். 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் முள் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

அக்டோபரில், வேலை முடிந்து நான்கு மாதம் கழித்து, டார்ச்சும் லென்ஸுமாக முழுதும் பார்த்தேன். படம் அசையவில்லை. தொப்பித் துணுக்கு பிடித்திருக்கிறது. கீழே கீல் மடிப்பில் மட்டும், இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. கடுகில் பாதி இருக்கும். துணி நுழையாத இடத்தில் மெழுகும் நுழையவில்லை என்று அர்த்தம். எண்ணெய் ஒரு சொட்டு, ஒரு நாள், மூங்கில் முனை, நாப்தா. இந்தத் தடவை மெழுகை நாப்தாவிலேயே கரைத்து, தண்ணீர் மாதிரி ஆக்கி, நுனி மெல்லிய தூரிகையால் கீல் ஓரத்தில் தொட்டேன். அது தானாகவே இடுக்குக்குள் ஓடியது. நாப்தா ஆவியாகி மெழுகு தங்க ஒரு ராத்திரி திறந்தே வைத்தேன். அடுத்து ஜனவரியில் பார்க்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்திருக்கிறேன்.